முப்பது தாண்டியபின் ஃப்ரீஸ்டைல்: கைக்கு முன்னால் மூச்சு

மலையகத்தில் நீச்சல் தெரிந்த பெரியவர்களில் பலர் அதை ஆற்றிலோ தோட்டத்துக் குளத்திலோ தாங்களாகவே பழகியவர்கள். தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, கையை மாற்றி மாற்றி அடித்து, பத்துப் பதினைந்து மீட்டர் போய்க் கரையைப் பிடிக்கும் நீச்சல் அது. சின்ன ஆற்றைக் கடக்க அது போதும். அதே நீச்சலோடு 25 மீட்டர் தடாகத்தில் இறங்கினால் ஒரு லெங்த், அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, முடிவதற்குள் மூச்சு வாங்கும், மறுநாள் தோள் வலிக்கும். "வயசாகிருச்சு, ஸ்டெமினா இல்ல" என்று சொல்லிவிட்டு ஏறிவிடுவார்கள். காலையிலிருந்து மாலைவரை சரிவில் நின்று கொழுந்து பறிக்கிறவருக்கும், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு நாள் முழுக்க குனிந்து நிமிர்கிறவருக்கும் ஸ்டெமினா இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருக்கிற ஸ்டெமினா தண்ணீரோடு சண்டை போடுவதிலேயே செலவாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதில் வேகத்தை இரட்டிப்பாக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆகவே பலத்தைக் கூட்டி வேகமெடுப்பது தண்ணீரில் செலவு கூடிய வழி, எதிர்ப்பைக் குறைப்பது மலிவான வழி. பிள்ளைகளுக்கு கணுக்கால் நன்றாக வளையும், பயமும் குறைவு, பக்கத்தில் நீந்துகிறவரைப் பார்த்தே பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்குத் தோள் இறுகியிருக்கும், கால் கனக்கும், முகம் தண்ணீருக்குள் போனதும் உடம்பு விறைக்கும். அதனால் ஃப்ரீஸ்டைலில், அதாவது குப்புறக் கிடந்து கையை மாற்றி மாற்றி வீசும் நீச்சலில், எதை எப்போது திருத்துவது என்ற வரிசை முக்கியம். முதலில் மூச்சு, அடுத்து உடம்பின் கிடை, அதற்குப் பிறகு கை, கடைசியில் கால். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கிக் போர்டு என்ற மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் கால் அடித்து, பிறகு கை பழகி, மூச்சு தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். அது தானாக வருவதில்லை.

மூச்சு

தண்ணீருக்குள் மூச்சு முட்டுவதற்குக் காரணம் ஒட்சிசன் தீர்ந்துபோவது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். உண்மையில் 'இப்போதே மூச்சு விடு' என்று உடம்பை உந்துவது முக்கியமாக இரத்தத்தில் சேரும் காபனீரொட்சைட்டு. புதிதாகப் பழகுகிறவர் முகத்தை உள்ளே விட்டதும் மூச்சை அடக்கிக்கொள்வார். தலை வெளியே வரும் அரை விநாடிக்குள் பழைய காற்றை விடவும் வேண்டும், புதியதை எடுக்கவும் வேண்டும். இரண்டுக்கும் நேரம் காணாது. பாதி விட்டு, பாதி எடுத்து மறுபடி உள்ளே போவார். நான்கு முறை இப்படி நடந்தால் நெஞ்சுக்குள் பழைய காற்று தேங்கிவிடும். பதற்றம் வரும், தலையை இன்னும் உயரத் தூக்குவார், இடுப்பு தாழும், கால் தொங்கும், அதை ஈடுகட்ட கையை வேகமாக அடிப்பார். 25 மீட்டர் முடியாமல் நடுவில் நிற்கிற ஒவ்வொருவரிடமும் இந்தச் சங்கிலியைப் பார்க்கலாம்.

மருந்து எளியது. முகம் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் காற்று வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும். நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று, வாயால் இழுத்து, முகத்தை உள்ளே வைத்து, மூக்கால் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே விடுங்கள். முனகல் விடாமல் கேட்டால் காற்று சீராகப் போகிறது. மூக்கிலிருந்து காற்று வெளியே தள்ளப்படும்வரை தண்ணீர் உள்ளே ஏறாது. அதனால் மூக்கு எரிச்சலுக்குப் பயந்து கிளிப் போடத் தேவையில்லை. நான்கு விநாடி விட்டு, ஒரு விநாடி எடுத்து, மறுபடி உள்ளே. தொடர்ந்து இருபது முறை, நடுவில் நிற்காமல், கண்ணைத் துடைக்காமல். அந்தத் துடைப்பில்தான் பதற்றம் ஒளிந்திருக்கிறது. முகத்திலிருந்து தண்ணீர் வழிவதைச் சகித்துக்கொள்ளப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது திரும்புதல். சுவரை ஒரு கையால் பிடித்து, அந்தக் கையை நீட்டி, உடம்பைக் கிடையாக விடுங்கள். மற்றக் கை தொடையோடு இருக்கட்டும். இப்போது தலையைத் தூக்காமல், நீட்டிய கையின் புஜத்தில் காதை வைத்தபடியே பக்கவாட்டில் திருப்புங்கள். சரியாகத் திரும்பினால் நீச்சல் கண்ணாடியின் ஒரு வில்லை தண்ணீருக்குள்ளும் மற்றது வெளியிலும் இருக்கும். கீழ்க் கண்ணில் பச்சை ஓடு, மேல் கண்ணில் தடாகத்தின் விளிம்பு, நடுவே நீர்மட்டம் ஒரு கோடாக ஓடும். வாயின் ஒரு மூலை மட்டும் வெளியே. அது போதுமா என்று பயம் வரும். போதும். நீந்தும்போது தலை முன்னே தள்ளும் சிற்றலைக்குப் பின்னால், வாய்க்குப் பக்கத்தில், நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்து ஒரு பள்ளம் உண்டாகும். அந்தப் பள்ளத்தில்தான் மூச்சு எடுக்கிறோம். தலையைத் தூக்கினால் அந்தப் பள்ளமும் கிடைக்காது.

எப்போது திரும்புவது என்பதில் நிறையப் பேர் பிந்துகிறார்கள். வலப் பக்கம் மூச்செடுப்பவர் என்றால், வலக்கை தண்ணீருக்கடியில் இடுப்பை நோக்கித் தள்ளத் தொடங்கும்போதே முகமும் உடம்போடு சேர்ந்து திரும்ப வேண்டும். கை வெளியே வரும் கணத்தில் காற்றை இழுக்க வேண்டும். அந்தக் கை முன்னே வந்து கண்ணைத் தாண்டுவதற்குள் முகம் உள்ளே திரும்பியிருக்க வேண்டும். கை தண்ணீரில் நுழையும்போதும் வாய் வெளியே இருந்தால் நீங்கள் பிந்திவிட்டீர்கள். பிந்தினால் முன்னே நீட்டியிருக்கும் இடக்கை, விழாமல் தாங்குவதற்காகத் தண்ணீரைக் கீழ்நோக்கி அமுக்கும். அடுத்த இழுப்புக்கு வேண்டிய பிடி அந்த அமுக்கலிலேயே போய்விடும். கை இழுப்பு பலவீனமாக இருக்கிறது என்று வருகிறவர்களில் கணிசமானோருக்குக் கோளாறு இங்கேதான், கையில் இல்லை.

மூன்று கைக்கு ஒரு மூச்சு என்று சிலர் வேதவாக்காகச் சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் மூச்செடுத்தால் உடம்பு சமநிலையாகத் திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் புதிதாகப் பழகும் பெரியவருக்கு, அதுவும் நமது உயரத்தில், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரம். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் கடற்கரையில் கிடைப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு அது பழகிய காற்று என்றாலும் கணக்கு மாறாது. இரண்டு கைக்கு ஒரு மூச்சு எடுங்கள். போகும்போது வலப் பக்கம், வரும்போது இடப் பக்கம் என்று லெங்துக்கு லெங்த் மாற்றுங்கள். சமநிலையும் வரும், மூச்சும் காணும். சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்டியில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனாலும் முதல் மூன்று மாதம் இதே முறைதான் நல்லது.

உடம்பின் கிடை

நுரையீரலில் காற்று இருப்பதால் நெஞ்சு மிதக்கும். எடையின் மையமோ இடுப்புப் பக்கம். இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம்தான் காலைக் கீழே இழுக்கிறது. ஆண்களுக்கு, அதிலும் கால் தசை இறுகிய மலைநாட்டு உடம்புக்கு, இது இன்னும் கூடுதல். கடல் நீர் நன்னீரைவிட இரண்டரை சதவீதம் அளவில் அடர்த்தி கூடியது. அதனால் திருகோணமலையிலோ பாசிக்குடாவிலோ நன்றாக மிதந்தவர் ஊருக்கு வந்து தடாகத்தில் இறங்கியதும் கால் தாழ்வதைக் கண்டு குழம்புவார். 1971இல் பாக்கு நீரிணையை இரு வழியும் நீந்திய வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனின் கடல் நமக்கு இல்லை. நமக்குக் கிடைத்திருப்பது கனம் குறைந்த, குளிர்ந்த நன்னீர். அதில் கிடையாக இருப்பதைத் தனியாகப் பழகத்தான் வேண்டும்.

தலைதான் இங்கே சுக்கான். பார்வை நேர் கீழே, அல்லது ஒரு மீட்டர் முன்னால் உள்ள ஓட்டில். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு முஷ்டி இடைவெளி. நீர்மட்டம் உச்சந்தலையைத் தொட வேண்டும், நெற்றியை அல்ல. எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நீந்தினால் கழுத்து நிமிரும், இடுப்பு பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தாழும், நீங்கள் தண்ணீரை முழு உடம்பாலும் தள்ளிக்கொண்டு போவீர்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: சுவரை உதைத்து, இரு கையும் முன்னே நீட்டி, காலடிக்காமல் வழுக்கிப் போங்கள். 5 மீட்டர் போகும்வரை குதிகால் மேலே இருந்தால் கிடை சரி. மூன்று மீட்டரிலேயே கால் தொங்கினால், நெஞ்செலும்பை லேசாகக் கீழே அமுக்கி, வயிற்றைச் சற்று உள்ளிழுத்து மறுபடி பாருங்கள். மூச்சை முழுக்க அடக்கி வைத்திருந்தால் நெஞ்சு மேலே தூக்கிக் கால் தாழும். விட்டுக்கொண்டே போனால் நெஞ்சும் இடுப்பும் ஒரே கோட்டுக்கு வரும். மூச்சு முதலில் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உருளல், அதாவது கை மாறும்போது உடம்பு பக்கத்துக்குப் பக்கம் சாய்வது, பற்றி அதிகம் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு கைக்கும் தோள் 30 முதல் 45 பாகை வரை சாய வேண்டும். தலை மட்டும் நிலையாக இருக்கும், மூச்சுக்குத் தவிர. பக்கவாட்டில் படுத்து, கீழ்க் கையை நீட்டி, ஆறு காலடி அடித்து, ஒரு கை மாற்றி, மறுபக்கம் ஆறு அடிக்கும் பயிற்சி இதற்குப் போதும். 90 பாகை வரை சாய்ந்து போகிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் கால் கத்தரிக்கோலாக விரியும். அது தடை போட்ட மாதிரி ஆகிவிடும்.

கை

கை தண்ணீரில் நுழையும் இடம் தலைக்கு முன்னால் ஒரு முழங்கை நீளத்தில், அதே பக்கத் தோளுக்கு நேரே. முதலில் விரல் நுனி, பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை, மூன்றும் ஒரே துளையில். நுழைந்த கை நீர்மட்டத்திலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் முன்னே நீளும். தலைக்கு நேர் முன்னே, அல்லது அதையும் கடந்து மறுபக்கம் கை விழுந்தால், உடம்பு பாம்பாக நெளியும், கால் அதை ஈடுகட்ட விரியும். இந்தப் பிழை செய்கிறவருக்கு அது தெரியவே தெரியாது, தான் நேராக நீட்டுவதாகத்தான் உணர்வார். அவருக்குச் சொல்ல வேண்டியது: கடிகாரத்தில் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் கையை நீட்டுங்கள். அகல விரித்துவிட்டோமோ என்று அவருக்குத் தோன்றும்போதுதான் கை தோளுக்கு நேரே வந்திருக்கும்.

கட்டை விரலை முதலில் குத்தி நுழையும் பழைய பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தோளை உள்நோக்கித் திருகிய நிலையில் கையை உயர்த்துவதால் தோள் மூட்டின் முன்புறத்தில் தசைநாண் நெரிபடும். பெரியவர்கள் இதை விட்டுவிட வேண்டும். உள்ளங்கை கீழே பார்த்தபடி, நடுவிரல் முதலில். இழுத்து முடித்தபின் தசை அலுப்பது இயல்பு. ஆனால் கை நுழையும் கணத்தில் தோளின் முன்புறம் சுருக்கென்று குத்தினால் அன்றைய பயிற்சியை நிறுத்துங்கள்.

இனித்தான் மொத்த நீச்சலின் இயந்திரம்: தண்ணீரைப் பிடித்தல். நீட்டிய கையை அப்படியே நேராகக் கீழே அமுக்கினால் உடம்பின் முன்பகுதி மேலே எழும், முன்னே போகாது. வேண்டியது பின்னோக்கிய தள்ளல். அதற்கு உள்ளங்கையும் முன்கையும் பின்சுவரைப் பார்க்க வேண்டும். முழங்கையை நீர்மட்டத்துக்கு அருகிலேயே விட்டுவிட்டு, விரல் நுனியை முதலில் தரையை நோக்கிச் சாயுங்கள், பின்னாலேயே முன்கையும் சாயட்டும். பெரிய தண்ணீர்ப் பீப்பாய் ஒன்றின் மேல் கையைப் போட்டு அணைக்கும்போது கை வளைகிற வளைவு அது. எந்த நேரத்திலும் விரல் மணிக்கட்டுக்குக் கீழே, மணிக்கட்டு முழங்கைக்குக் கீழே. இந்த வரிசை கலைந்தால் பிடி போய்விட்டது என்று அர்த்தம். பிடித்தபின் தோளுக்கு அடியில் கை கடக்கும்போது முழங்கை 90 முதல் 120 பாகை வரை மடங்கியிருக்கும். முழுக்க நீட்டிய கையால் ஆழத்தில் இழுப்பது தோளுக்குத்தான் பாரம்.

இதை அவசரமாகச் செய்ய முடியாது என்பதைப் பலர் ஏற்பதில்லை. பிடிக்கும் கட்டம் மெதுவாக, பொறுமையாக நடக்க வேண்டும். பிடித்த பிறகு இடுப்புவரை தள்ளுவதுதான் வேகம். நுழைந்ததும் இழுத்தால் கையைச் சுற்றிக் காற்றுக் குமிழிகள் இருக்கும். குமிழியை இழுத்து முன்னே போக முடியாது. நீட்டிய கையை ஒரு முறை பாருங்கள், வெள்ளைக் குமிழி இல்லாமல் கை தெளிவாகத் தெரிந்தால் இழுக்கலாம்.

விரல்களை இறுக்கிச் சேர்க்க வேண்டாம், தளர்வாக, சிறு இடைவெளியோடு இருக்கட்டும். இறுக்கினால் முன்கை வீணாக அலுக்கும். தள்ளி முடிக்கும்போது உள்ளங்கையை வானத்தை நோக்கி உதறுவது இன்னொரு வீண் வேலை. அது தண்ணீரை மேலே தூக்கி இடுப்பைக் கீழே அமுக்கும். உள்ளங்கை தொடையைப் பார்த்தபடி, சுண்டுவிரல் முதலில், கை வெளியே வரட்டும். வெளியே வந்தபின் முழங்கை வழிகாட்ட, முன்கை தளர்ந்து தொங்கியபடி முன்னே போக வேண்டும். தோள் இறுகியவர்களுக்கு உயர்ந்த முழங்கை கஷ்டம். அவர்கள் வலுக்கட்டாயமாக அதைச் செய்யத் தேவையில்லை. கொஞ்சம் நீட்டிய கையோடு, உடம்பைச் சற்றுக் கூடுதலாக உருட்டிக் கொண்டுவந்தாலும் நல்ல நீச்சல்தான். வெளியே கை எப்படிப் போகிறது என்பது அழகுக்கும் தோளின் சௌகரியத்துக்கும், முன்னே தள்ளுவது தண்ணீருக்கடியில் நடப்பது.

முன்கை வேலை செய்கிறதா என்று அறிய முஷ்டிப் பயிற்சிக்கு மிஞ்சியது இல்லை. 25 மீட்டர் முஷ்டியை மூடி நீந்துங்கள், அடுத்த 25 கையை விரித்து. இரண்டிலும் கை எண்ணிக்கையைக் கவனியுங்கள். விரித்து 22, மூடி 25 என்றால் முன்கை தண்ணீரைப் பிடிக்கிறது. மூடியதும் 33க்குப் போனால் நீங்கள் உள்ளங்கையால் மட்டும் இழுக்கிறீர்கள், முழங்கை சரிந்துவிட்டது. முஷ்டியோடு நான்கு லெங்த் நீந்திவிட்டு விரித்தால், கை அகலமானது போல் தோன்றும் அந்த உணர்வை அடுத்த லெங்துக்குக் கொண்டுபோங்கள்.

எண்ணிக்கையைக் குறைப்பதே குறிக்கோள் என்று போனால் அதிலும் பொறி இருக்கிறது. ஒவ்வொரு கையிலும் நீண்ட நேரம் வழுக்கி, வேகம் செத்து, மறுபடி உதைத்து எழுப்ப வேண்டி வரும். இது பெரியவர்களிடம், குறிப்பாக வீடியோ பார்த்துப் பழகியவர்களிடம், அதிகம். எண்ணிக்கையையும் விநாடியையும் கூட்டிப் பாருங்கள். 25 மீட்டருக்கு 22 கை, 32 விநாடி என்றால் 54. அடுத்த முறை 20 கை, 36 விநாடி என்றால் 56. கை குறைந்தும் நீச்சல் மோசமாகியிருக்கிறது. கூட்டுத்தொகை இறங்கினால்தான் முன்னேற்றம்.

கால்

கால் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நீண்ட தூர ஃப்ரீஸ்டைலில் கால் முன்னே தள்ளுவதைவிட உடம்பைக் கிடையாக வைப்பதற்கும் உருளலுக்கும்தான் உதவுகிறது. தொடைத் தசை உடம்பின் பெரிய தசை, அதை முழுக்க ஓடவிட்டால் மூச்சு முழுவதையும் அது தின்றுவிடும். இடுப்பிலிருந்து அடியுங்கள், முழங்கால் லேசாக மட்டும் மடங்கட்டும், குதிகால் நீர்மட்டத்தைத் தொட்டால் போதும். ஒரு கைக்கு ஒரு காலடி என்ற நிதானமான தாளம் பெரியவர்களுக்குச் சரியாக வரும்.

கால் அடித்தும் முன்னே போகாமல் நிற்பவருக்கு, சில நேரம் பின்னாலேயே போகிறவருக்கும், காரணம் கணுக்கால். பாதம் பின்னோக்கி நீளாமல் கொக்கியாக நின்றால் அது தண்ணீரை முன்னோக்கித் தள்ளும். மேடும் பள்ளமும் ஏறி இறங்கிப் பழகிய கணுக்கால் உறுதியானது, ஆனால் நீளாது. மண்டியிட்டு, பாதத்தின் மேற்புறம் பாயில் படும்படி குதிகாலில் உட்காருங்கள். 30 விநாடி, நான்கு முறை, தினமும். முழங்கால் வலி இருப்பவர் நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைக் கையால் நீட்டிப் பிடித்தால் போதும்.

தோட்ட உடம்புக்குச் சில விசேஷங்கள்

கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமந்தவர்களுக்குக் கழுத்தின் பின்தசை இறுகியிருக்கும். தண்ணீரில் முகத்தைக் கீழே வைத்து கழுத்தைத் தளர்த்துவது அவர்களுக்கு மூச்சைவிடக் கடினமாக இருக்கலாம். சுவரைப் பிடித்து, முகத்தை உள்ளே விட்டு, தலையின் கனத்தைத் தண்ணீரே தாங்கட்டும் என்று பத்து விநாடி விட்டுப் பாருங்கள். அந்தத் தளர்வு வராமல் மற்றது எதுவும் வராது. கவ்வாத்து, புல்வெட்டு என்று முன்குனிந்து வேலை செய்கிறவர்களுக்கும், நாள் முழுக்க கணினி முன் இருக்கும் ஆசிரியர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் தோள் முன்னே வளைந்திருக்கும். கதவு நிலையில் முன்கையை ஊன்றி நெஞ்சை முன்னே தள்ளும் நீட்டல் 30 விநாடி, ரப்பர் பட்டியை முழங்கை மடக்கிய நிலையில் வெளியே இழுப்பது 15 தடவை இரண்டு சுற்று. நீச்சலுக்கு முன் இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்க்க வேண்டாம்.

உடை பற்றிப் பெண்கள் அதிகம் கேட்பார்கள். பருத்தி டீசேர்ட்டும் தொளதொள பாட்டமும் தண்ணீரை உறிஞ்சி உப்பி, பாராசூட்டாக இழுக்கும். எவ்வளவு நல்ல கையும் அதில் தோற்கும். உடம்பை முழுக்க மூட விரும்பினால் நைலோன் அல்லது பொலியெஸ்டரில் ஒட்டிய முழுக்கை மேலாடையும் லெகின்ஸும் போடுங்கள். எதிர்ப்பு மிகக் குறைவு, குளிருக்கும் கொஞ்சம் உதவும். தலைக்கு எண்ணெய் வைத்த அன்று தொப்பி வழுக்கிக்கொண்டே போகும். முதல் நாளே குளித்துவிடுவது நல்லது.

ஒரு நாள் பயிற்சி

25 மீட்டர் தடாகம் கிடைத்தால் 45 நிமிடத்துக்கு இப்படி: மெதுவாக 25 மீட்டர் நான்கு, ஒவ்வொன்றுக்கும் இடையில் 30 விநாடி ஓய்வு. சுவரோரம் மூச்சுப் பயிற்சி ஐந்து நிமிடம். பிறகு 25 மீட்டர் எட்டு, ஒன்று பயிற்சி, ஒன்று சாதாரண நீச்சல் என்று மாற்றி. ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம்தான் திருத்த வேண்டும். மூன்றைச் சேர்த்து நினைத்தால் எதுவும் பதியாது. அதற்குப் பிறகு 50 மீட்டர் ஆறு, 30 விநாடி ஓய்வோடு, பேச முடிகிற மூச்சில். கடைசியில் 100 மீட்டர் தளர்வாக. மொத்தம் 700 மீட்டர். வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஒரே நாளில் இரண்டாயிரம் மீட்டர் நீந்தி ஐந்து நாள் போகாமல் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல். நீச்சல் கெட்டுப்போகத் தொடங்கியதும் நிறுத்துங்கள். அலுத்த உடம்பு பழைய பிழையைத்தான் மனனம் செய்யும்.

நமது பக்கத்து ஹோட்டல் தடாகங்கள் பல பத்துப் பதினைந்து மீட்டர்தான். அங்கே சுவரை உதைத்தே நான்கு ஐந்து மீட்டர் போய்விடும், மீதியில் எட்டு ஒன்பது கைக்குமேல் வராது. அப்படியான இடத்தில் உதையாமல், சுவரிலிருந்து சும்மா தொடங்குங்கள். தூரத்தைக் கணக்கில் எடுக்காமல் நேரத்தை எடுங்கள்: மூன்று நிமிடம் நீச்சல், ஒரு நிமிடம் ஓய்வு.

கையில் போன் இருக்கும் காலத்தில் வீடியோ எடுக்காமல் திருத்தப் பார்ப்பது வீண் பிடிவாதம். நண்பர் ஒருவர் தடாகத்தின் ஓரத்தில் குந்தி, போனை நீர்மட்டத்துக்கு அருகே பிடித்து, பக்கவாட்டில் ஒரு லெங்தும் முன்னாலிருந்து ஒரு லெங்தும் எடுக்கட்டும். மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். மூச்செடுக்கும்போது இரண்டு வில்லையும் வெளியே தெரிகிறதா, இடுப்பு நீர்மட்டத்தில் இருக்கிறதா, கை நடுக்கோட்டைக் கடக்கிறதா. முதல் கேள்விக்கு 'ஆம்' என்றால் மற்ற இரண்டையும் அன்றைக்குப் பார்க்காதீர்கள்.

குளிரும் மழையும்

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திவிடும். சூடாக்காத தடாகத்தில் அதிகாலையில் இறங்கினால் முதல் நிமிடத்தில் மூச்சு திடுக்கிட்டு இழுக்கும். அந்த நேரத்தில் முகத்தை உள்ளே விடக்கூடாது. காலை நனைத்து, கையை நனைத்து, கழுத்துவரை மெதுவாக இறங்கி, மூச்சு சீரான பிறகு தொடங்குங்கள். பகல் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே தண்ணீர் ஓரளவு வெதுவெதுப்பாக இருக்கும். பாதத்தை நீட்டியே வைத்திருப்பதால் குளிரில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது சகஜம். பிடித்தால் சுவரைப் பிடித்து, கட்டை விரலை முழங்காலை நோக்கி இழுத்து, இருபது முப்பது விநாடி வைத்திருங்கள். உதட்டில் நீலம் தெரிந்தாலோ விரல்களைச் சேர்க்க முடியாமல் போனாலோ அன்றைக்குப் போதும். துவாயால் தலையைத் துடைத்து, காய்ந்த உடுப்பு மாற்றி, ஒரு பிளேன்டீ. இரத்த அழுத்தம், இதய நோய், சீனி வருத்தம் உள்ளவர்கள் குளிர் நீரில் இறங்குவதற்கு முன் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் பக்கத்திலேயே பரந்து கிடக்கும்போது தடாகத்துக்கு ஏன் காசு என்று தோன்றலாம். நீச்சல் திருத்துகிற இடம் நீர்த்தேக்கம் அல்ல. கரையிலிருந்து சில அடியில் நிலை காணாமல் போகும், அடியில் சேறும் மரக்கட்டையும் இருக்கும். மவுஸ்ஸாக்கலையில் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கிக் கிடக்கிறது. மேலே மழை பெய்தால் ஆற்றின் மட்டம் சொல்லாமல் ஏறும். நீர்வீழ்ச்சிக்குக் கீழே உள்ள குழிகள் இதைவிட மோசம், அங்கே சுழலும் நீரில் காற்றுக் கலந்திருப்பதால் நல்ல நீச்சல்காரரும் மிதக்க முடியாது. நின்றால் கால் எட்டுகிற, பார்க்க இன்னொருவர் இருக்கிற தண்ணீரில்தான் பிழை செய்து பழக முடியும்.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை விடாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் அந்த மாதங்களில் பெரும்பாலும் வெயில். அங்கே மழை வடகீழ்ப் பருவத்தில், ஆண்டின் கடைசியில். இரண்டு பருவத்துக்கும் இடையில், மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும், பிற்பகலில் இடி மின்னல் கூடும். முதல் இடி கேட்டதும் வெளியே வாருங்கள், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி இறங்குங்கள். தடாகம் மூடிக் கிடக்கும் வாரங்களில் கணுக்கால் நீட்டலும் ரப்பர் பட்டியும் நிற்கக்கூடாது. ஒரு வாளித் தண்ணீரில் முகம் வைத்து முனகும் பயிற்சியையும் வீட்டிலேயே தொடரலாம், பக்கத்தில் யாராவது இருக்கும்போது. மீண்டும் இறங்கும் முதல் வாரம் 700 மீட்டரை 400 ஆக்கி, எல்லாவற்றையும் 25 மீட்டராகவே நீந்துங்கள்.